உதட்டில் வைத்த காதெலும்பு

நாலு பேர் கூடின இடத்தில் ரஞ்சனிக்குப் பேச வராது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. வீட்டுக்குள் பேசுவாள், புருஷன் விஜயனிடம் நன்றாகச் சண்டையும் போடுவாள். வாசலைத் தாண்டினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணும்போது மற்றப் பெண்கள் குரல் கொடுப்பார்கள், ரஞ்சனி கையைத் தூக்குவாள். சூப்பர்வைசர் முத்துவேலும் அந்தக் கையைப் பார்த்தே வருஷக்கணக்காக அவளுக்குப் பேர் போட்டுக்கொண்டிருந்தார்.

வாயில் குறைத்ததைக் கடவுள் கண்ணில் கூட்டிக் கொடுத்திருந்தான். எந்தச் செடியில் பூச்சி விழுந்திருக்கிறது, எந்த மேட்டில் காட்டெருமை படுத்து எழுந்திருக்கிறது, யார் காலையிலேயே அழுதுவிட்டு வந்திருக்கிறாள், எல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரியும். தெரிந்ததைச் சொல்லமாட்டாள்.

பிறந்தது சிலோனில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். நாலு வயதில் கப்பலேறி வந்தாள். மண்டபம் முகாமில் கொஞ்ச நாள், பிறகு ரயில், பிறகு மலை. நீலகிரியில் கட்டபெட்டுக்கு மேலே இந்தத் தோட்டத்தில் அப்பாவுக்கு வேலையும் லயத்தில் ஒரு வீடும் கிடைத்தன. தம்பி பிறந்தபோது தொட்டில் ஆட்ட ஆள் வேண்டுமென்று அஞ்சாம் வகுப்போடு அவளை நிறுத்தினார்கள். பதினெட்டு வயதில் கொழுந்து பறிக்க இறங்கினவள் முப்பது வருஷமாக இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரே மகள் சரிதா திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் போடுவாள். காலையில் ரொட்டியும் பிளேன்டீயும், சாயங்காலம் அடுப்படிச் சூடு, மழை ஒழுகாத கூரை. ரஞ்சனியைக் கேட்டால் தனக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் சொல்லுவாள், கேட்டவர் ஒருத்தராக இருந்தால்.

அந்த ரெண்டாயிரத்துப் பதினெட்டில் பச்சைத்தேயிலை விலை தரை தட்டிக் கிடந்தது. சின்னச் சின்னத் தோட்டக்காரர்கள் பறிகூலிக்குக் கட்டாதென்று கொழுந்தைச் செடியிலேயே முற்றவிட்டார்கள். ரஞ்சனியின் தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. ஃபேக்டரி ஒரு நாள் ஓடினால் இரண்டு நாள் தூங்கியது. விஜயன் ஃபேக்டரி அடுப்புக்கு விறகு போடுகிறவன். அடுப்பு தூங்கியபோது அவனும் தூங்கினான்.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துக்கு மேலே, புல்மேட்டில் இருந்த கல்வட்டத்தைத் தோண்ட ஒரு கூட்டம் வந்து இறங்கியது. அந்தக் காலத்து ஆட்கள் செத்தவர்களை வைத்த இடமாம். பெரிய பெரிய கல்லை வட்டமாக நிறுத்தி, நடுவில் பலகைக் கல்லால் அறை கட்டி, அதற்குள் பானை. கூட்டத்துக்குத் தலைவர் மோசஸ் சார், தொல்லியல் படித்தவர், முகத்தில் சிரிப்பை யாரும் பார்த்ததில்லை. எலும்புகளைப் பார்த்துக்கொள்ள ஷமா என்ற பெண் வந்திருந்தாள். முப்பது வயசிருக்கும். ஊட்டி மார்க்கெட்டில் கம்பளிக்கடை வைத்திருந்தவர் மகள். எங்கோ வடக்கே பெரிய ஆய்வுக்கூடத்தில் வேலை, ஆனால் வாயைத் திறந்தால் ஊட்டிதான்.

மண் சலிக்க ஆள் வேண்டியிருந்தது. தோட்டத்துப் பெண்களுக்குக் கை வேகம் என்று முத்துவேல் ஏழெட்டுப் பேரை அனுப்பினார். ரஞ்சனிக்கு ஜோடி, பக்கத்து வீட்டு ஆண்டாயி. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சல்லடையை ஆட்ட வேண்டும். மண் கீழே போகும், மேலே தங்குவதைப் பார்த்துத் தட்டில் போட வேண்டும். வேலை சுலபம், சட்டம்தான் கடுமை. கையில் உறை, வாயில் முகமூடி, வெற்றிலை கூடாது, எச்சில் துப்பக் கூடாது. எலும்பு மாதிரி எதைக் கண்டாலும் தொடாமல் குரல் கொடுக்க வேண்டும்.

வெற்றிலை இல்லாமல் ஆண்டாயிக்கு உயிரே போய்விட்டது. முதல் நாள் டீ நேரத்தில் ஷமாவிடம் கேட்டே விட்டாள்.

"ஏம்மா, இவுங்க செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சுங்கிறீங்க. இன்னுமா எச்சித் தீட்டு பாக்குறாங்க?"

"தீட்டு இல்லீங்கக்கா, கலப்படம்" என்று சிரித்தாள் ஷமா. "உங்க உடம்புல உங்க அப்பா அம்மா குடுத்தது ஒண்ணு இருக்குல்ல, மூக்கு இப்படி, முடி இப்படின்னு? அதுக்கு டி.என்.ஏ.ன்னு பேரு. அது எலும்புக்குள்ளயும் இருக்கும். நம்ம ஊரு மழைக்கும் வெயிலுக்கும் முக்காவாசி அழிஞ்சிடும், எங்கயாச்சும் துளி தங்கும். அந்தத் துளியத்தான் நான் தேடி வந்திருக்கேன். நம்ம எச்சில் ஒரு சொட்டுப் பட்டாப் போதும், புதுசு பழசை அமுக்கிடும்."

"அதத் தேடி என்னா பண்ணுவீங்க?"

"இவங்க யாரு, எங்கேருந்து வந்தாங்கன்னு பாக்கலாம்."

"இதுக்குப் போயி எலும்பத் தோண்டணுமா? மேட்டுப்பாளையத்துலருந்துதான் வந்திருப்பாங்க. வேற ரோடு ஏது?"

ஷமாவுக்குப் புரையேறிவிட்டது. இருமி முடித்துவிட்டுச் சொன்னாள். ஆதியில் எல்லா ஜனமும் ஆப்பிரிக்காவில்தான் இருந்ததாம். அதில் ஒரு கூட்டம் நடந்து நடந்து, அறுபதாயிரம் வருஷம் போல ஆகிறது, இந்த நாட்டுக்குள் வந்தது. அப்புறம் வெகுகாலம் கழித்து மேற்கே ஈரான் பக்கத்து ஜனங்களோடு ரத்த உறவுள்ள ஒரு கூட்டம் கலந்தது. அதற்கும் பிறகு வடக்கே புல்வெளியில் மாடு மேய்த்தவர்கள். மலையாகட்டும் சமவெளியாகட்டும், இன்றைக்கு இந்த நாட்டில் யாரை எடுத்துப் பார்த்தாலும் கலப்புதான். அளவுதான் ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைவு. பழைய எலும்பில் டி.என்.ஏ. கிடைத்தால், எந்தக் காலத்தில் யார் யாரோடு கலந்தார்கள் என்று சொல்லலாம்.

மற்றவர்கள் கேட்டுவிட்டு டம்ளரைக் கழுவப் போனார்கள். ரஞ்சனி மட்டும் நின்றாள். ஷமா தனியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு, "நாலாம் நம்பர் மலை மாதிரி" என்றாள்.

"என்னங்கக்கா?"

ரஞ்சனி கையைக் காட்டினாள். கீழே இடது பக்கம் தெரிந்தது புதிதாக வைத்த குளோன் தேயிலை. ஒரே செடியின் குச்சியை ஒடித்து ஒடித்து நட்டது, அத்தனையும் ஒரே உயரம், ஒரே நிறம். வலது பக்கம் வெள்ளைக்காரன் காலத்தில் விதை போட்டு முளைக்கவைத்த நாலாம் நம்பர் மலை. சாயங்காலம் ஷமாவை அங்கே கூட்டிப்போய் இலைகளைக் கிள்ளிக் கையில் வைத்தாள். இது சைனா ஜாதி, இலை சின்னது, குளிருக்கு அசையாது. இது அஸ்ஸாம், இலை அகலம். அதோ அது இரண்டுக்கும் நடுவில், சைனாப் பங்கு கூடுதல். இதில் அஸ்ஸாம் கூடுதல். ஆயிரம் செடியில் ஒன்று போல் ஒன்று இல்லை, ஆனாலும் பார்த்தவுடனே எது எவ்வளவு என்று ரஞ்சனிக்குச் சொல்லத் தெரிந்தது.

"நான் மெஷின் வெச்சுப் பண்றத நீங்க கண்ணுல பண்றீங்க" என்றாள் ஷமா. அன்றைக்கு வீட்டுக்கு வந்து ரஞ்சனி விஜயனுக்கு ஒரு முட்டை அதிகமாகப் பொரித்துப் போட்டாள்.

இரண்டாம் வாரம் அறைக்கல்லைத் தூக்கினார்கள். உள்ளே மூடியோடு ஒரு பானை. பெரும்பாலும் சுட்ட எலும்பு, அதில் ஒன்றும் தேறாதாம். அறையின் மூலையில் மட்டும் நெருப்பில் படாத மண்டையோட்டுத் துண்டுகள் கொஞ்சம், தொட்டால் மாவாக உதிர்ந்தன. ஷமா வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஏறினாள். அந்த வாரம்தான் குழியோரம் வெற்றிலை போட்ட இரண்டு பேரை மோசஸ் சார் வேலையை விட்டே அனுப்பினார். ஒரு பேச்சுக் கிடையாது, கையை மட்டும் கீழ்ப் பக்கமாகக் காட்டினார்.

மறுநாள் மதியம் அந்த மூலை மண் சல்லடைக்கு வந்தது. மூச்சு முட்டியதால் ரஞ்சனி முகமூடியைத் தாடைக்கு இறக்கியிருந்தாள். வலதுகை உறை காலையிலேயே கிழிந்து போயிருந்தது, வேறு கேட்கக் கூச்சம். மண் அடங்கியதும் கட்டைவிரல் நுனியளவு ஒரு கட்டி விளிம்பைத் தாண்டிக் கீழே விழப் பார்த்தது. சட்டென்று பிடித்துவிட்டாள். அதே நேரம் பேச்சு மும்முரத்தில் இருந்த ஆண்டாயி சல்லடையை மறுபடி ஆட்டத் தொடங்க, மொத்தமும் சாய்ந்தது. இரண்டு கையும் வேண்டும். "நில்லுக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், வார்த்தை வரவில்லை. கட்டியை உதட்டுக்கிடையில் வைத்துக்கொண்டு சல்லடையைப் பிடித்தாள்.

முப்பது வருஷத்துப் பழக்கம் அது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். இரண்டு கையும் மூட்டையைத் தூக்கியிருக்கும், எடைச் சீட்டு உதட்டில் இருக்கும். முக்கியமானது எதுவோ அது உதட்டுக்குப் போகும். கீழே போட்டால் சேற்றில் மறைந்துவிடும், இடுப்பில் செருக நேரமிருக்காது.

நாலு மூச்சு விட்டிருப்பாள். மண் ருசி நாக்கில் பட்டது. திடுக்கென்று எடுத்துத் துண்டில் துடைத்தாள். கல் போலக் கனத்தது, கல் இல்லை. ஒரு பக்கம் ஊசிக்காது போலச் சின்னத் துவாரம். பேசாமல் தட்டில் வைத்தாள்.

அரைமணி நேரத்தில் ஷமா கத்திய கத்தலில் கீழே மேய்ந்துகொண்டிருந்த காட்டெருமை கூடத் தலை தூக்கியது. "காதெலும்பு சார்! காதெலும்பு!" உடம்பிலேயே கெட்டியான எலும்பு, உள்காதைச் சுற்றியிருப்பது. மற்றதெல்லாம் மாவாகப் போனாலும் இதற்குள் துளி தங்கியிருக்கும். மோசஸ் சார் சிரித்தே விட்டார். கட்டபெட்டுக்கு ஆள் அனுப்பி டீக்கு எல்லோருக்கும் வர்க்கி பிஸ்கட் வாங்கிவரச் சொன்னார். ரஞ்சனி தன் பங்கு வர்க்கியை ஆண்டாயி கையில் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை மோசஸ் சார் எல்லோரையும் நிறுத்தினார். எலும்பு மதியம் ரெண்டு மணி ஜீப்பில் போகிறது. எலும்பைத் தொட்டவர்கள் ஒரு சின்னக் குப்பியில் எச்சில் கொடுக்க வேண்டும், கலப்படம் வந்தால் பிரித்துப் பார்க்க. ஷமாவும் அவரும் கொடுத்தாயிற்று.

"வேற யாராவது வெறுங்கையில தொட்டீங்களா? பேசினீங்களா, இருமினீங்களா?"

வெற்றிலைக்காரர்கள் இறங்கிப்போன பாதையை எல்லோரும் பார்த்தார்கள். ரஞ்சனிக்குக் கை பாதி எழுந்தது, விழுந்தது.

சல்லடைக்குத் திரும்பியதும் ஆண்டாயியிடம் மெல்லச் சொன்னாள். ஆண்டாயி ஆட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"அடிப் பாவி! பொணத்து எலும்பையா வாயில வெச்ச? சாமி பிரசாதம்னு நெனச்சியா, கண்டோஸ் முட்டாய்னு நெனச்சியா?"

"சீட்டுன்னு நெனச்சேன் போல."

"சரி, வுடு. வாயி பண்ணுன வேல, வாயாலயே கெடுத்துக்காத. தோட்டத்துல மூணு நாளு வேல, இதுவும் போனா ரெண்டு பேரும் வூட்டுல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு ஒக்காந்திருங்க. அந்த எலும்புல என்னா தெரிஞ்சா நமக்கென்னா?"

ஆண்டாயி சொன்னதில் தப்பில்லை. ரஞ்சனி சலித்தாள். ஒரு தட்டு, இரண்டு தட்டு. ஷமா கூடாரத்தில் உட்கார்ந்து பெட்டிக்குப் பஞ்சு வைப்பது தெரிந்தது, குழந்தைக்குத் தொட்டில் கட்டுவது போல. இத்தனை மண்ணில் கிடைத்தது அந்த ஒன்றுதான். அதற்குள் இருக்கிற துளியைத் தன் எச்சில் அமுக்கிக்கொண்டிருக்கிறது. அது யாருக்கும் தெரியாது. தெரியாமல் இந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மெஷினில் போட்டுப் பார்த்து ஏமாறுவாள். எதனால் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

ஒரு மணிக்கு ஜீப் வந்து நின்றது. ரஞ்சனி சல்லடையை இறக்கி வைத்தாள்.

"எங்க போற?" என்றாள் ஆண்டாயி.

கூடாரத்தில் ஷமாவோடு மோசஸ் சாரும் இருந்தார், டிரைவர் இருந்தான், படம் பிடிக்கிறவர் இருந்தார். நாலு பேர். ரஞ்சனி வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது.

"என்னங்கக்கா? உடம்பு சரியில்லீங்களா?"

ரஞ்சனி இடுப்பிலிருந்து ஒரு பழைய எடைச் சீட்டை எடுத்தாள். உதட்டுக்கிடையில் வைத்தாள். இரண்டு கையையும் நீட்டிச் சல்லடை ஆட்டுவது போல ஆட்டினாள். பிறகு சீட்டை எடுத்துப் பெட்டியைக் காட்டினாள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. டிரைவர் சிரிக்கக்கூடச் செய்தான். ஷமாதான் கையிலிருந்த பஞ்சை விட்டாள்.

"வாயிலயா?"

ரஞ்சனி தலையாட்டினாள். "கை ரெண்டும் சல்லடையில இருந்துச்சுங்க. விழப் போச்சு. பழக்க தோஷம். நாலு மூச்சு நேரம்தான் வெச்சிருந்தேன். அப்புறம் துண்டால தொடச்சேன். காலையில கேட்டப்பவே சொல்லியிருக்கணும்." அத்தனையும் ஒரே மூச்சில் வந்தது, வந்த வேகத்தில் அவளுக்கே மூச்சிரைத்தது.

மோசஸ் சாரின் முகம் கறுத்தது. "எத்தன தடவ சொன்னேன்! வாயில! படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா!" என்று கூடாரத்துக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்தார். கை கீழ்ப் பக்கம் போகப் போகிறது என்று ரஞ்சனி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் ஷமா. "மேல்பக்கத்தச் சுரண்டி எடுத்துட்டு, உள்ளேருந்துதான் பொடி எடுக்கப் போறோம். அப்பவும் இவங்களோடது கொஞ்சம் எட்டிப் பாக்கும். யாரோடதுன்னு தெரிஞ்சா கழிச்சிடலாம். சொல்லாம விட்டிருந்தாத்தான் போச்சு." குப்பி ஒன்றை எடுத்து ரஞ்சனியிடம் நீட்டினாள். "துப்புங்கக்கா. இந்தக் கோடு வரைக்கும் வேணும்."

பயத்தில் ரஞ்சனிக்கு வாய் வறண்டு போயிருந்தது. எச்சில் வரவில்லை. வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டாயி, "புளியங்காய நெனச்சுக்க புள்ள!" என்று கத்தினாள். கோடு வரைக்கும் நிறைய கால்மணி நேரம் ஆயிற்று. ஜீப் காத்திருந்தது.

மோசஸ் சார் தொட்டவர்கள் பட்டியலில் மூன்றாவதாக அவள் பெயரை எழுதினார். சல்லடைப் பக்கம் இனி வரக்கூடாதென்றார். வேலையை விட்டு அனுப்பவில்லை, மேட்டுக்குக் கீழே பானை ஓடு கழுவுகிற தொட்டிக்கு அனுப்பினார். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருந்தது. மற்றபடி அது நல்ல வேலை. வெயில் முதுகில் விழும், ஓட்டில் விரல் பதிந்த தடங்கள் தெரியும், வாயில் எதை வைத்துக்கொண்டாலும் கேட்பாரில்லை. அந்த மாதம் முழுக்க அவள் அங்கே உட்கார்ந்து கழுவினாள்.

தோண்டியவர்கள் குழியை மூடிவிட்டுப் போனார்கள். தேயிலை விலை அந்த வருஷமும் ஏறவில்லை. விஜயன் பக்கத்து ஊரில் கேரட் மூட்டை ஏற்றப் போனான், நாலு காசு வந்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது. சரிதாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தார்கள்.

அடுத்த வருஷம் மழை பிடித்திருந்த ஒரு காலையில், குடையோடு ஷமா மலையேறி வந்தாள். வரிசையில் கத்தரியால் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள்.

"கிடைச்சிருச்சுங்கக்கா" என்றாள் தூரத்திலிருந்தே. "கொஞ்சம்தான். ஆனா கிடைச்சிருச்சு."

பொடியில் இரண்டு பேருடையது இருந்ததாம். ஒன்று நைந்த பழசு, இன்னொன்று புதுசு. குப்பியில் இருந்ததை வைத்துப் பார்த்ததும் புதுசு ரஞ்சனியுடையது என்று தெரிந்தது, கழித்துவிட்டார்கள். யாருடையதென்று தெரியாமல் இருந்திருந்தால் மொத்தத்தையும் ஒதுக்கியிருப்பார்கள். மீந்ததில் முழுசாக ஒன்றும் படிக்க முடியவில்லை. எந்தக் கூட்டம் எவ்வளவு கலந்தது என்று சொல்ல அது போதாது. இரண்டு விஷயம் மட்டும் தெரிந்தது.

"அவங்க ஒரு பொம்பளைங்கக்கா. அப்புறம், அம்மாவோட அம்மா, அவங்க அம்மான்னு போற தாய்வழி இருக்கு பாருங்க, அது முதல்ல இந்த நாட்டுக்குள்ள நடந்து வந்தாங்களே, அந்த ஜனத்தோடது."

"நம்ம ரஞ்சனியோடது?" என்றாள் ஆண்டாயி.

ஷமா ரஞ்சனியைப் பார்த்தாள். ரஞ்சனி சொல்லு என்று தலையாட்டினாள்.

"அடிமரம் ஒண்ணுதான், கிளை வேற. பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே பிரிஞ்சது. இந்த நாட்டுல பாதிக்கு மேல அந்த அடிமரம்தான். நானும்தான்."

"அப்ப நீயும் எங்க ஆளு. பிரியாணி போட்டா எங்களுக்குச் சொல்லியனுப்பு" என்றாள் ஆண்டாயி. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "தாய்வழின்னா பொண்ணு வழியா மட்டுமா போகும்? எனக்கு மூணும் ஆம்பளப் புள்ளையாச்சே. என்னோட முடிஞ்சு போச்சா?"

"உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களா?"

"இருக்கா, தேவர்சோலையில. ரெண்டு பொண்ணு அவளுக்கு. அவ மொகத்துல முழிச்சு நாலு வருஷமாச்சு."

"அவங்க வழியாப் போகும்க்கா."

"அவ வழியாவா? அதுக்கு முடிஞ்சே போகலாம்" என்றாள் ஆண்டாயி, ஆனாலும் முகம் தெளிந்துதான் இருந்தது.

விட்டிருந்த மழை மறுபடி தூறத் தொடங்கியது. முத்துவேல் மேட்டில் நின்று கையை வீசினார். பெண்கள் பிளாஸ்டிக் தாளைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ரஞ்சனி கத்தரியைக் கையில் எடுத்தவள் நின்றாள்.

"அவங்களுக்குப் புள்ள இருந்துச்சா?" என்று எல்லோர் நடுவிலும் கேட்டாள்.

"அது எலும்புல தெரியாதுங்கக்கா."

"செத்த பெறகு இவ்வளவு பெரிய கல்லத் தூக்கி வெச்சிருக்காங்க" என்றாள் ரஞ்சனி. "யாரோ இருந்திருக்காங்க."

ஷமா பதில் சொல்வதற்குள் வரிசை நகர்ந்தது. ரஞ்சனியும் நகர்ந்தாள்.